நிறம் பிடிக்கவில்லை

சரிதா அழவில்லை. வாசுகியை நடுங்கவைத்தது அதுதான். ஹீட்டர் மேல் காயப்போட்டிருந்த தன் பள்ளிக்கூட சாக்ஸை எடுக்க அந்த ஐந்து வயதுப் பிள்ளை கையை நீட்டியது, அடுத்த நொடி சுவரோரம் போய் விழுந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கண் மட்டும் தாயையே பார்த்துக்கொண்டிருந்தது. சுவிட்சை அணைத்தோமா, பிளக்கைப் பிடுங்கினோமா என்று பிறகு எத்தனை முறை யோசித்தும் வாசுகிக்கு நினைவு வரவில்லை. பிள்ளையைத் தூக்கி முதுகைத் தட்டி, பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்ட பிறகு ஒரு பெரிய மூச்சு வந்தது, அதன் பின்னால் அழுகை வெடித்தது. அந்த அழுகையைக் கேட்டதும்தான் வாசுகிக்கு உயிர் திரும்பியது.

ஜூலை மாதத்து ஊட்டியில் துணி காயாது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இதைச் சொன்னால் புரியாது. அவர்கள் மழையைப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். ஃபெர்ன்ஹில்லில் ஒற்றை அறை வீட்டில் குடியிருப்பவர்களுக்குத்தான் ஒரு ஜோடி சாக்ஸ் காய மூன்று நாள் ஆகும் என்று தெரியும். முன்பெல்லாம் கரிச்சட்டியைச் சுற்றித் துணியைக் கட்டிவிடுவார்கள். சரிதாவுக்கு இளைப்பு வந்த பிறகு, "வீட்டுக்குள்ள கரிப்புகை கூடவே கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால்தான் இந்த ஹீட்டர். வாங்கிப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

இதற்கு முன் ஒரு தடவை வாசுகியின் விரல் நுனியிலும் சுள்ளென்று ஏதோ பட்டது. ஈரக்கை என்று விட்டுவிட்டாள். அன்றைக்கும் ஹீட்டர் அரை மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது, இன்றைக்கும் அப்படித்தான். சூடேறும் வரை சாதுவாக இருக்கிறது, நன்றாகச் சூடேறியதும் உடம்பெல்லாம் கரண்டு ஏறிவிடுகிறது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் போயிருந்த ஜெகதீசனுக்குப் போன் செய்தாள். "மொதல்ல அதக் கொண்டுபோய்க் கடையில குடுத்துட்டு வா" என்றான் புருஷன். சொல்வது அவனுக்குச் சுலபம். கடைக்காரர்கள் முன்னால் வாசுகிக்கு வாயே எழாது. தக்காளிக்காரன் அழுகலைப் போட்டால்கூட வீட்டுக்கு வந்துதான் திட்டுவாள்.

விஜயன் கடை மார்க்கெட்டுக்கு மேலே ஏறும் சந்தில் இருக்கிறது. விஜயன் சிரித்த முகம். விற்கும்போதும் சிரிப்பார், திருப்பிக் கொண்டுவந்தாலும் சிரிப்பார். தெரிகிற பல்லின் எண்ணிக்கையில்தான் வித்தியாசம். அவர் தலைக்கு மேலே ஒரு பலகை: விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது. குறையுள்ள பொருளுக்கு அந்தப் பலகை சட்டப்படி செல்லாது என்பது வாசுகிக்குத் தெரியாது. விஜயனுக்குத் தெரியும், அதை அவர் ஏன் சொல்லப் போகிறார்?

"ஏனுங்க, நேத்து எம் புள்ளைக்கு ஷாக் அடிச்சிருச்சுங்க. இது வேண்டாங்க, வேற குடுங்க."

விஜயன் ஹீட்டரை மர மேசையில் வைத்து பிளக்கைச் சொருகினார். கம்பிகள் சிவந்தன. ஐந்து நிமிடம் கழித்து டெஸ்டரை அதன் உடம்பில் வைத்தார். "பாருங்க, லைட்டு எரியுதா? எரியல. ஒண்ணும் இல்லீங்க."

"அரை மணி நேரம் ஓடணுங்க. அதுக்கப்புறந்தான் அடிக்குது."

"அரை மணி நேரம் இதையே பாத்துட்டு உக்காந்தா யாவாரத்த யாரு பாக்கறது? உங்க ஊட்ல எர்த் இருக்குதுங்களா?"

எர்த் இருக்கிறதா இல்லையா என்று வாசுகிக்கு எப்படித் தெரியும்? வீடு அவளுடையதல்ல.

"மேல துணி கிணி காயப் போட்டீங்களா? போடக்கூடாதுன்னு அதுலயே எழுதியிருக்குது."

"இல்லீங்க" என்றாள். சொன்னதும் முகம் சூடானது. தன் பக்கம் ஒரு தப்பு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் மனுஷிக்குக் குரல் பாதியாகிவிடும். விஜயன் அந்தப் பாதிக் குரலைக் கவனித்துவிட்டார்.

"சரி, பெட்டி எங்க? பெட்டியில்லாம எடுக்க முடியாதுங்க."

பெட்டி சுவரில் இருந்தது. வாசுகி வீட்டின் மேற்குச் சுவர் பலகைச் சுவர், இடுக்கு வழியாகக் குளிர்காற்று ஊசி போல வரும். அந்த வரிசையில் எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரில் டிவிப் பெட்டியும் மிக்ஸிப் பெட்டியும் படத்தோடு ஒட்டியிருக்கும். புதிதாக எதை வாங்கினாலும் பெட்டியைப் பிரித்துச் சுவருக்குக் கொடுத்துவிடுவதுதான் அங்கே வழக்கம். வாசுகியும் வாங்கி வந்த அன்றே மைதாப் பசை காய்ச்சி ஒட்டி, நாலு மூலையிலும் ஆணி அடித்திருந்தாள். இப்போது அதைப் பெயர்த்தெடுக்க ஒரு மணி நேரம் ஆனது. ஒரு மூலை கிழிந்து சுவரோடு தங்கிவிட்டது.

மறுநாள் அந்தக் கிழிந்த அட்டையைப் பார்த்து விஜயன் சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்திருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "ஆணியெல்லாம் அடிச்சிருக்காங்க பாருங்க!" என்று பெட்டியைத் தூக்கிக் காட்டினார். வாசுகிக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. ஆனால் அந்த ஹீட்டரை மறுபடி சரிதா இருக்கும் வீட்டுக்குத் தூக்கிப் போக அவள் தயாராக இல்லை. ரேஷன் கடைச் சுவரில் எப்போதோ பார்த்த, நுகர்வோர் புகாருக்கான போன் நம்பர் போட்ட ஒரு நோட்டீஸ் ஞாபகம் வந்தது.

"ஒண்ணு ஒம்பது ஒண்ணு அஞ்சுக்குப் போன் பண்ணுவேனுங்க" என்றாள். குரல் உடைந்துதான் வந்தது. ஆனாலும் விஜயனின் பற்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

"எதுக்குங்க அதெல்லாம்? நாம பேசித் தீத்துக்கலாம்." ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் முன்னால் தள்ளினார். "வேற கம்பெனி ஹீட்டர் தர்றேன். நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. 'பொருளில் எந்தக் குறையும் இல்லை. நிறம் பிடிக்கவில்லை என்பதால் மாற்றிக்கொள்கிறேன்.' அவ்வளவுதான்."

"நெறத்த நான் பாக்கவே இல்லீங்களே. ஷாக்கு அடிச்சதுக்குத்தானுங்க..."

"ஃபார்மாலிட்டிங்க. கம்பெனிக்குக் காட்டோணும்ல. எழுதுனா இப்பவே எடுத்துட்டுப் போலாம்."

எட்டாவது வரை படித்தவள் வாசுகி, கையெழுத்து குண்டு குண்டாக நன்றாக இருக்கும். எழுதினாள். கீழே பேரையும் விலாசத்தையும் போட்டாள். கெட்டுப்போன ஹீட்டர் கம்பெனிக்குப் போய்விடும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

புது ஹீட்டர் நன்றாக ஓடியது. சரிதா இருமல் இல்லாமல் தூங்கினாள். ஒரு வாரம் வாசுகி நிம்மதியாக இருந்தாள்.

எட்டாம் நாள் மாலை காய் வாங்கிக்கொண்டு அந்தச் சந்தில் ஏறும்போது கடையை ஒரு பார்வை பார்த்தாள். முன் அலமாரியில், கண்ணுக்கு நேராக, அந்த ஹீட்டர். அதே சாம்பல் நிறத்தில் நூறு ஹீட்டர் இருக்கலாம். ஆனால் முதல் நாள் அவள் வைத்த சந்தனப் பொட்டு, சூட்டில் வெந்து பழுப்பாகி, இடது காலில் அப்படியே ஒட்டியிருந்தது. கடையில் வேலை பார்க்கும் கலைமதி அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வேறொரு புதுப் பெட்டி தயாராக இருந்தது.

வாசுகி நின்றாள். உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொன்னால் விஜயன் அந்தத் தாளை எடுத்துக் காட்டுவார், வீட்டிலிருக்கும் நல்ல ஹீட்டரைத் திரும்பக் கேட்பார், மறுபடியும் கரிச்சட்டிதான். சரிதா மூச்சுக்கு இழுப்பது காதில் கேட்டது. பார்க்காதவள் போல நடந்துவிட்டாள். நடந்தாள் என்பதைவிட ஓடினாள் என்பதுதான் சரி. வீட்டுக்கு வந்து சோறாக்கும்போது உப்பை இரண்டு தடவை போட்டாள்.

காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நேராகக் கடைக்கு வந்தாள். அலமாரியில் அந்த இடம் காலியாக இருந்தது. விஜயன் சரக்கெடுக்கக் கோயமுத்தூர் போயிருந்தார்.

"அந்த ஹீட்டரு எங்கங்க?"

கலைமதி அவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நேத்து நீங்க போன கொஞ்ச நேரத்துல வித்துப்போச்சுங்கக்கா. பிக்கட்டிக்காரரு, ஆறுக்குட்டின்னு. மகளுக்குக் கொழந்த பொறந்து பதினஞ்சு நாளாம். கொழந்த துணி ஒண்ணும் காயலையாம், அதுக்குத்தான்னு வாங்கிட்டுப் போனாரு."

வாசுகி மேசையைப் பிடித்துக்கொண்டாள். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைக்கும்? இருபது, முப்பது. அத்தனை ஈரத்துணியும் அந்தத் தகரத்தின் மேல். ஒவ்வொரு தடவையும் ஒரு கை அதைத் தொட்டு எடுக்கும். இன்னொரு கையில் குழந்தை இருக்கும்.

கலைமதி பில் புத்தகத்தைப் பார்த்து ஆறுக்குட்டியின் போன் நம்பரை எழுதிக் கொடுத்தாள். "என்னைய மாட்டி உட்றாதீங்கக்கா" என்றாள். வாசுகி சந்தில் நின்றே அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண்குரல் சொன்னது. மூன்று தடவையும் அதையேதான் சொன்னது. நாலாவது தடவை அடிக்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

பிக்கட்டி பஸ் மூடுபனிக்குள் ஊர்ந்தது. டிரைவருக்குப் பத்தடிக்கு மேல் பாதை தெரியவில்லை, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டே போனார். வாசுகி வழி நெடுக அந்த நம்பரையே அழுத்திக்கொண்டிருந்தாள். நேற்றே சொல்லியிருக்கலாம் என்ற ஒரே நினைப்பு தலைக்குள் சுற்றியது. ஒரு வார்த்தை. காய்ப் பையைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை. அவள் வாய்விட்டே அதைச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, பக்கத்துச் சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார்.

பிக்கட்டியில் இறங்கி டீக்கடையில் கேட்டாள். "ஆறுக்குட்டி ஊடுங்களா? மேல போங்க. கூட்டமா இருக்கும் பாருங்க, அதேதான்" என்றார் கடைக்காரர். எதற்குக் கூட்டம் என்று கேட்பதற்குள் அவர் பாலைப் பார்க்கத் திரும்பிவிட்டார். மறுபடி கூப்பிட்டுக் கேட்க வாசுகிக்குத் தைரியம் வரவில்லை.

மேட்டில் ஏறும்போதே வாசலில் கிடந்த செருப்புகள் தெரிந்தன. முப்பது நாற்பது ஜோடி இருக்கும். இரண்டு ஆண்கள் குடை பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார், சாவு வீட்டில் ஒதுங்குவது போல. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சரிதாவின் திறந்த வாய் கண்முன் வந்தது. அம்மா தாயே, நான்தான், நான்தான் என்று முனகினாள்.

உள்ளே யாரோ கலகலவென்று சிரித்தார்கள். கூடவே பச்சைக் குழந்தையின் அழுகை கேட்டது. தொட்டில் போடும் நாள். அவ்வளவுதான்.

செருப்பைக் கழற்றினாளோ உதறினாளோ, உள்ளே நுழைந்துவிட்டாள். உறவுக்காரப் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் அந்த ஹீட்டர் சிவந்து எரிந்துகொண்டிருந்தது, மேலே வரிசையாக வெள்ளைத் துணிகள் ஆவி விட்டன. குளித்த தலையோடு ஒரு சின்னப் பெண், இடது தோளில் குழந்தை, துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்க வலது கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"தொடாதே!"

அப்படி ஒரு கத்தல் தன் தொண்டையில் இருந்தது வாசுகிக்கே தெரியாது. பாய்ந்து போய் வயரைப் பிடித்து இழுத்தாள். பிளக் சுவரிலிருந்து பிய்ந்து வந்தது. கம்பிகள் கறுத்தன. வீடே எழுந்து நின்றது.

"யாரும்மா நீ?" என்று கேட்டபடி வந்தார் ஒரு பெரியவர். அவர்தான் ஆறுக்குட்டி. அந்தப் பெண் அவர் மகள் அன்னக்கிளி. வாசுகி மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். ஹீட்டர் தன்னிடம் இருந்தது, பிள்ளையைத் தூக்கி எறிந்தது, திருப்பிக் கொடுத்தது. புதுசு என்று சொல்லி வாங்கி வந்ததை இப்படி ஒருத்தி வந்து சொன்னால் யார் நம்புவார்கள்? நேற்று ராத்திரி முதல் கரண்டு இல்லாமல் இப்போது கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் முதல் தடவை போட்டோம், நன்றாகத்தான் ஓடுகிறது என்றார்கள். மழையில் நனைந்து ஆறுக்குட்டியின் போன் செத்துக் கிடந்தது. மகள் போனில் விஜயனைக் கூப்பிட்டு, எல்லாரும் கேட்கும்படி வைத்தார்.

விஜயனின் சிரிப்பு போனிலும் கேட்டது. "அந்தம்மாவா? ஏனுங்க, எங்கிட்ட அவங்க கைப்பட எழுதிக் குடுத்த லெட்டரே இருக்குது. பொருள்ல ஒரு கொறையும் இல்ல, நெறம் புடிக்கலைன்னு. போன்லயே படம் புடிச்சு வெச்சிருக்கறன், வேணும்னா உங்களுக்கு அனுப்பறனுங்க. இன்னொரு ஹீட்டரு ஓசியில கெடைக்குமான்னு ஆட்டங் காட்டறாங்க. நீங்க தாராளமா போடுங்க."

படம் வந்தது. குண்டு குண்டான அந்த எழுத்தை ஆறுக்குட்டி வாசுகியிடம் காட்டினார். "இது உங்க எழுத்துங்களா?"

"ஆமாங்க. எழுதுனது நாந்தான். ஆனா அது பொய்யிங்க."

"இது பொய்யின்னா, இப்பச் சொல்றது நெசம்னு எப்படிங்க நம்பறது?"

ஒரு பெண் பிளக்கை மறுபடி சொருகிவிட்டாள். குழந்தைக்கு மாற்றத் துணியில்லை என்று முணுமுணுத்தாள். யார் வீட்டிலும் டெஸ்டர் இல்லை. தான் படியிறங்கியதும் இது ஓடிக்கொண்டே இருக்கும் என்று வாசுகிக்குத் தெரிந்தது.

"அரை மணி நேரம் ஓடட்டுங்க" என்றாள். "அதுவரைக்கும் யாரும் கிட்டப் போகாதீங்க. அப்புறம் நான் தொட்டுக் காட்டறனுங்க."

அவள் ஹீட்டருக்கு முன்னால் போய் நின்றாள். கழுவிவிட்ட சிமெண்டுத் தரை, வெறும் காலில் சில்லென்று ஏறியது. சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்ந்தது. சமையலறையில் கேசரி கிளறும் வாசனை வந்தது, அதைப் போய்ப் பார்க்க யாரும் எழவில்லை. பத்து நிமிடம். இருபது நிமிடம். ஹீட்டருக்குள் தகரம் டிக் டிக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும், அவள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பிக்கும். கழுத்தில் வேர்வை வழிந்தது. ஓடிப்போய்விடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் சரிதா நிற்பாள். ஜெகதீசன் வண்டியில் எங்கே இருக்கிறானோ.

அரை மணி ஆனதும் ஆறுக்குட்டியைப் பார்த்தாள்.

"ஒரு மரக்கட்டை எடுத்துப் பக்கத்துல வெச்சுக்குங்க" என்றாள். "எனக்கு இழுத்துக்கிச்சுன்னா கட்டையால தள்ளுங்க. கையால மட்டும் புடிச்சுராதீங்க, உங்களுக்கும் அடிக்கும். எம் மக பேரு சரிதாங்க. எங்க ஊட்டுக்காரரு நம்பரு இந்த போன்ல இருக்குது." போனைப் பாயில் வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"வேண்டாங்க!"

பிளக்கைப் பிடுங்கியது அன்னக்கிளி. குழந்தையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்திருந்தாள். "அப்பா, பொய் சொல்றவங்க எதுக்குப்பா கட்டை கேக்கறாங்க?" என்றாள்.

வாசுகி தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். அன்னக்கிளி அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சேதான் எழுதிக் குடுத்தீங்களா?"

"ஆமாங்க."

"அதுக்கு உங்களுக்கு வேற ஹீட்டரு குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. நல்லா ஓடுதுங்க." சொல்லி முடிக்கும் முன் வாசுகிக்கு அழுகை வந்துவிட்டது.

அன்னக்கிளி திட்டவில்லை. எழுந்து போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

ஆறுக்குட்டி கேரட் தழை அறுக்கும் கத்தியோடு வந்தார். "இந்தச் சனியன இனி எவனும் எவனுக்கும் விக்கக் கூடாது" என்று வயரை இழுத்துப் பிடித்தார்.

"அறுக்காதீங்க" என்றாள் வாசுகி. "அறுத்தா நாமதான் கெடுத்தோம்னு சொல்லிருவாருங்க. இது இப்படியே இருக்கணும். ஊட்டியில நுகர்வோர் ஆணையம் இருக்குதுங்கல்ல, அங்க குடுக்கலாம். நான் எழுதுனது பொய்யின்னு நானே வந்து சொல்றனுங்க."

"நெசமா வருவீங்களா?"

"வருவனுங்க." வந்தால் நல்ல ஹீட்டர் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். விஜயன் சும்மா இருக்க மாட்டார் என்றும் தெரியும். பயம் துளியும் குறையவில்லை, ஆனாலும் சொல்லிவிட்டாள்.

உள்ளறைக் கதவு பாதி திறந்தது. "அப்பா, நாளைக்கோ நாளன்னைக்கோ எப்ப வேணாலும் போங்க. இது இன்னிக்கே இந்த ஊட்ட உட்டுப் போகோணும்" என்றாள் அன்னக்கிளி.

அது நியாயம்தான். பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் யார் வைத்துக்கொள்வார்கள்? ஆறுக்குட்டி அதைக் கோணிப்பையில் போட்டுக் கட்டி, பஸ் வரை கூட வந்து, ஜன்னல் வழியாக வாசுகியிடம் கொடுத்தார். அவள் மடியில் வைத்துக்கொண்டாள். கோணிக்குள் இன்னும் வெதுவெதுப்பு இருந்தது.

"என்னம்மா, ஹீட்டரா? புதுசா?" என்றார் கண்டக்டர், டிக்கெட்டைக் கிழித்தபடி.

"இல்லீங்க. இது ஷாக் அடிக்குதுங்க" என்றாள் வாசுகி, பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி. "யாரும் தொட்டுராதீங்க."